பொள்ளாச்சி – கொல்லங்கோடு – கொழிஞ்சாம்பாறை: லாரித் தொந்தரவு இல்லாத சைக்கிள் சுற்று எது?

தென்னைநிழல் (பொள்ளாச்சி) கேட்டது:

பொள்ளாச்சியில் கிளம்பி, எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போய், வேறு வழியில் பொள்ளாச்சிக்கே திரும்புகிற ஒரு சுற்று தேடுகிறேன். 60 முதல் 80 கி.மீ. வரை இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளெனக் கிளம்பி 10 மணிக்குள் வந்து சேர வேண்டும்.

வண்டி ரோடு பைக். 28 மி.மீ. டயர், கியர் பல் முன்னால் 50/34, பின்னால் 11–32. ஆளும் வண்டியுமாக 80 கிலோ. காற்றில்லாத சமதளத்தில் 25 கி.மீ. வேகம் அலுப்பில்லாமல் வரும்.

வாளையார் நெடுஞ்சாலை வேண்டவே வேண்டாம். கோபாலபுரம் மெயின் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் கையை உரசுகிற மாதிரி போகின்றன. உள்ளே எத்தனையோ சின்ன ரோடுகள் இருக்கின்றன, ஆனால் மேப்பில் எல்லாமே ஒரே கோடு. எது தார், எது கான்கிரீட், எது தோப்புக்குள் போய் முடிகிற மண் தடம் என்று பார்த்தால் தெரிவதில்லை.

கூடவே மூன்று சந்தேகம். கொல்லங்கோட்டிலிருந்து திரும்பும்போது ரோடு சமமாகத்தான் தெரிகிறது, ஆனால் வேகம் 16, 17-க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது, ஏன்? சின்ன ரோட்டில் முள் பஞ்சருக்கு என்ன வழி? நெல்லியாம்பதியையும் அதே நாளில் சேர்க்க முடியுமா?

எல்லைக்கல் (கொழிஞ்சாம்பாறை):

ரோட்டைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னால காற்றைப் பாருங்க. இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்கு மலைத்தொடரில் சுமார் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு விட்டுப்போன வாசல். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் நெல்லியாம்பதியும். இரண்டு பக்கமும் மலை அடைத்து நிற்பதால் காற்று மொத்தமும் இந்த வாசலில் நெருக்கிக்கொண்டுதான் நுழையணும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கிழக்கே வீசும். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து மேற்கே. நீங்க கேட்கிற ரோடுகளும் பெரும்பாலும் கிழக்கு மேற்காகவே கிடக்கின்றன. அதனால் ஒன்று முழுக்க முகத்தில் அடிக்கும், இல்லையென்றால் முழுக்க முதுகில் தள்ளும்.

வேகம் ஏறமாட்டேன் என்கிற உங்க முதல் சந்தேகத்துக்கும் பாதி விடை இதிலேயே இருக்கு. மீதிப் பாதி ஏற்றம். பாலக்காடு கடல் மட்டத்திலிருந்து 84 மீட்டர், பொள்ளாச்சி சுமார் 290 மீட்டர். கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை முப்பது சொச்சம் கி.மீ. தூரத்தில் இருநூறு மீட்டருக்குள் ஏறுகிறீங்க. நூறு மீட்டர் போனால் அரை மீட்டர் உயர்கிற கணக்கு. கண்ணுக்குத் தெரியாது, கால்தான் சொல்லும். 80 கிலோ எடையை 25 கி.மீ. வேகத்தில் இந்தச் சரிவில் தள்ள, சமதளத்துக்கு ஆகிறதைவிட 25 வாட்ஸுக்கு மேல் கூடுதலாக வேணும். மணிக்கு 15 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால், ஏற்றமே இல்லாத ரோட்டிலும் அதே உழைப்புக்கு 25-க்குப் பதில் 17-தான் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் 16. 25 வேகத்தில் கொல்லங்கோடு – பொள்ளாச்சி ஒண்ணேகால் மணி நேரம் என்று போடுகிற கணக்கு இரண்டு மணி நேரமாக நீள்வது இப்படித்தான். வண்டியிலோ உடம்பிலோ ஒரு குறையும் இல்லை.

சரி, ரோடு. மேற்குக் காற்று மாதங்களிலும், காற்று அவ்வளவாக இல்லாத மார்ச், ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலும் இதுதான் நல்ல சுற்று. பொள்ளாச்சி – அம்பராம்பாளையம் – மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் எல்லை தாண்டி – காம்பிரத்துச்சள்ளை – முதலமடை – கொல்லங்கோடு – புதுநகரம் – தத்தமங்கலம் – வண்டித்தாவளம் – கன்னிமாரி – மீனாட்சிபுரம் – பொள்ளாச்சி. சுமார் 80 கி.மீ. வரும். காலை 5.30-க்கு அம்பராம்பாளையம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் எல்லை வரைக்கும் லாரி குறைவு. மேற்குக் காற்று விடியற்காலையில் ஓரளவு அடங்கியிருக்கும், 9 மணிக்கு மேல் வலுக்கும். போகும்போது இறக்கமும் குறைந்த எதிர்க்காற்றும், திரும்பும்போது ஏற்றமும் முதுகுக் காற்றும் என்று ஈடுகட்டிவிடும்.

இந்தச் சுற்றில் மிக நல்ல துண்டு காம்பிரத்துச்சள்ளையிலிருந்து கொல்லங்கோடு வரைக்கும். மீன்கரை அணை ரோட்டை ஒட்டியே வரும். இடது கைப்பக்கம் தென்மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும், மழைக்காலத்தில் அந்தச் சுவரில் வெள்ளைக் கோடு கோடாக அருவி இறங்கும். முதலமடை தாண்டினால் மாந்தோப்பு முடிந்து நெல் வயல் தொடங்கும். வயல் பச்சையாக இருக்கணும் என்றால் ஜூலை, ஆகஸ்டில் வாங்க. இரண்டாம் போகத்துக்கு டிசம்பர், ஜனவரி. முதல் போகம் செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு, இரண்டாம் போகம் பிப்ரவரி, மார்ச்சில். அறுப்புக் காலத்தில் வயலுக்குள்ளிருந்து ஏறுகிற அறுவடை இயந்திரம் சேற்றைக் கட்டி கட்டியாக ரோட்டில் போட்டுவிட்டுப் போகும். அது காய்ந்தால் கல், நனைந்தால் சோப்பு. வளைவில் இருந்தால் முன் பிரேக்கைத் தொடாதீங்க. நெல்லும் வைக்கோலும் ரோட்டிலேயே காயப் போட்டிருப்பாங்க. வைக்கோல் மேலே ஏற்ற வேண்டாம், பின் கியரில் சுற்றிக்கொண்டால் டிரெயிலியர் (கியர் மாற்றும் கை) வளைந்துவிடும்.

புதுநகரம், தத்தமங்கலம் இரண்டும் கடைத்தெரு நெருக்கம். இரண்டையும் 8 மணிக்கு முன்னால் தாண்டிவிடுங்க.

கரிசல்மண்:

எல்லைக்கல் தெற்குப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். வடக்குப் பக்கம் யாரும் கவனிக்காத ஒரு வட்டாரம் இருக்கிறது: எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை. ஊர்ப் பேச்சு தமிழ், மண் கரிசல், மரம் பனை. கேரளத்தில் கரிசல் மண் கிடக்கிற அபூர்வமான இடம் இந்தச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். மழையும் கொல்லங்கோட்டைவிட நன்றாகவே குறைவு. அதனால் ஜூன், ஜூலையில் மலையடிவாரத்தில் கொட்டும்போதும் இங்கே பெரும்பாலும் நனையாமல் ஓட்டலாம்.

வழி: பொள்ளாச்சி – வடக்கிபாளையம் – நடுப்புணி – எருத்தேன்பதிப் பக்கமாகக் கொழிஞ்சாம்பாறை – வேலந்தாவளம், பிறகு ஒழலப்பதி வழியாகத் தெற்கே இறங்கி மறுபடி நடுப்புணி. கோபாலபுரம் மெயின் ரோட்டைத் தொடவே தேவையில்லை. நடுப்புணியில் சோதனைச் சாவடி இருந்தாலும் கனரக வண்டிகளில் பெரும்பகுதி கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் போய்விடுகிறது. வேலந்தாவளத்தில் காய்கறிச் சந்தை இருப்பதால் காலை நேரத்தில் டெம்போக்கள் குறுக்கும் நெடுக்கும் நிற்கும். அந்த அரை கிலோமீட்டர் மட்டும் பொறுமை வேண்டும்.

இந்த ரோடுகளில் கவனிக்க வேண்டியது குழியைவிட வெடிப்பு. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். தார் மூடிய நடுப்பகுதியில் அடி மண்ணின் ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓர மண்தான் மாசி, பங்குனி வெயிலில் காய்ந்து இழுத்துக்கொள்கிறது. விளைவாக ஓரத்திலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, ரோட்டுக்கு இணையாக நீளவாக்கில் வெடிப்பு விழுகிறது. சைக்கிள்காரர்கள் போகிற இடம் சரியாக அதுவே. 25 மி.மீ. டயர் அதற்குள் இறங்கினால் ஹேண்டிலைத் திருப்ப முடியாது, ஆள் விழுவது நிச்சயம். 28 மி.மீ. பரவாயில்லை, ஃபிரேமில் இடம் இருந்தால் 32 போடுங்கள். வெடிப்புக்கு வலப்பக்கமாக, ஓரத்திலிருந்து ஒன்றே கால் மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள். பின்னால் வண்டி வந்தால் வெடிப்பைக் குறுக்காக வெட்டித் தாண்டி ஒதுங்குங்கள். வெடிப்போடு சேர்ந்தே சாய்ந்து போகக் கூடாது.

ஓரத் தார் விளிம்புக்கும் இதே விதி. தார் மேல் தார் போட்டுப் போட்டு மண் ஓரத்துக்கும் ரோட்டுக்கும் ஐந்து, பத்து சென்டிமீட்டர் படி விழுந்திருக்கும். கீழே இறங்கிவிட்டால் ஓட்டிக்கொண்டே மெல்லச் சாய்த்து ஏறப் பார்க்காதீர்கள். முன் சக்கரம் விளிம்பிலேயே உரசிக்கொண்டு வழுக்கும். நின்று, தூக்கி வைத்து ஏறுங்கள்.

காற்றழுத்தம்: 80 கிலோவுக்கு, 28 மி.மீ. டயரில் நல்ல தார் ரோட்டுக்குப் பின்னால் 70, முன்னால் 65 பிஎஸ்ஐ. கரிசல் ரோட்டுக்கு இரண்டிலும் ஐந்தைக் குறைக்கலாம். ட்யூப் போட்ட 28 மி.மீ. டயரில் 55-க்குக் கீழே போனால் குழி விளிம்பில் ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். 32 மி.மீ. என்றால் பின்னால் 58, முன்னால் 53 போதும். நூறு பிஎஸ்ஐ அடித்தால் வேகமாகப் போகலாம் என்பது வழவழப்பான ரோட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும். இங்கே வண்டி துள்ளித் துள்ளி உழைப்பு வீணாகும், மணிக்கட்டும் மரத்துப்போகும்.

மழை பெய்து ஓய்ந்த நாளில் கரிசல் மண் ஓரத்தில் கால் வைக்கவே வேண்டாம். இரண்டு சுற்றிலேயே டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்பியதைக் குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும்.

மாங்காய்சீசன் (முதலமடை):

நாள், கிழமை பார்த்துக் கிளம்புங்க. அதில்தான் பாதி நிம்மதி.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாய், வியாழன். அந்த நாட்களில் மாட்டு லாரிகள் எல்லை ரோடுகளில் வரிசை கட்டும். நீங்க ஞாயிறு என்பதால் தப்பித்தீங்க. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று கூட்டம் அலைமோதும். ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வந்தால் ஆனைமலை ரோட்டையே மறந்துவிடுங்க. நெம்மாறை – வல்லங்கி வேலா என்கிற கோயில் திருவிழா ஏப்ரல் தொடக்கத்தில், மலையாள மீன மாதம் 20-ம் தேதி. அன்றும் அதற்கு முந்தின நாளும் கொல்லங்கோட்டுக்கு மேற்கே சைக்கிளுக்கு இடமில்லை. சித்தூர் கொங்கன்படைத் திருவிழா மாசியில்.

சித்தூர்ப் பக்கம் தென்னங்கள் இறக்கி, காலையிலேயே பிக்கப் வண்டிகளில் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கு அனுப்புவாங்க. கள் புளிப்பதற்குள் போய்ச் சேரணும் என்பதால் அந்த வண்டிகள் நிதானமாக ஓடாது. வண்ணாமடை, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் ரோடுகளில் பின்னால் கேன் குலுங்குகிற சத்தம் கேட்டால் ஒதுங்கி வழி விட்டுவிடுங்க. நம்ம உரிமையைப் பேசுகிற இடம் அதில்லை.

ஜனவரியிலிருந்து மே வரை எங்க மாங்காய் சீசன். காம்பிரத்துச்சள்ளையைச் சுற்றி மண்டிகளில் லோடு ஏறும், ரோட்டோரம் லாரிகள் நிற்கும். நிற்கிற லாரியின் கதவு திறக்கிற அகலத்தை, அதாவது ஒரு மீட்டரை, விட்டே தாண்டணும். அதற்கு முன்னால் பூ எடுக்கிற மாதங்களில் தோப்புகளில் பவர் ஸ்பிரேயர் வைத்து மருந்து அடிப்பாங்க. மருந்து வாடை வந்தால் அங்கே நின்று தண்ணீர் குடிக்காதீங்க, காற்று வருகிற பக்கமாகத் தாண்டிப் போய் நில்லுங்க. தண்ணீர் பாட்டிலின் வாயை மூடி வையுங்க.

ரயில் பாதை ஒன்று: பொள்ளாச்சி – பாலக்காடு அகலப்பாதை மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம் என்று உங்க சுற்றோடு கூடவே வருது. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க்குத்தாகத் தாண்டுங்க. ரோடு சாய்ந்து வெட்டுகிற இடத்தில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு நீங்களே வளைத்து நேராக்கிக்கணும். மழையில் இரும்பு மேலே போகும்போது பெடலையும் பிரேக்கையும் விட்டுவிடுங்க, வண்டி தானாக உருண்டு தாண்டட்டும்.

பஞ்சர்பெட்டி:

முள் பற்றி நான் சொல்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முள் ஒன்றல்ல.

தமிழ்நாட்டுப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவில் போகிற இட்டேறிகளில் இரண்டு புறமும் கிளுவை வேலி. வேலியைக் கழித்துப் போட்ட வாரத்தில் அந்த ரோட்டில் போனால் பஞ்சர் கட்டாயம். கழித்த கிளை பச்சையாகக் கிடந்தாலோ, வேலி மட்டமாக வெட்டியிருந்தாலோ வேறு வழியில் போய்விடுங்கள். நடுப்புணி, எருத்தேன்பதிப் பக்கம் சீமைக்கருவேல முள். அது நீளம், டயரைத் தாண்டி ட்யூபின் உள் பக்கத்தையும் குத்தும். மண் ஓரங்களில் நெருஞ்சி. கொல்லங்கோட்டுப் பக்கம் முள் குறைவு, அங்கே லாரி டயர் கிழிந்து சிதறிய எஃகுக் கம்பித் துண்டுகள்தான் எதிரி. முடி போல இருக்கும், கண்ணில் படாது. காற்று ஒரேயடியாகப் போகாமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கினால் பெரும்பாலும் கம்பிதான்.

எடுத்துப் போக வேண்டியவை: ட்யூப் இரண்டு, ஒட்டு வில்லை ஆறு, சொலூஷன், மணல்தாள், டயர் லீவர் இரண்டு, கைப் பம்ப், சின்ன இடுக்கி ஒன்று. இடுக்கியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டயர் ரப்பருக்குள் ஒடிந்து நிற்கிற முள் நுனியை விரலால் எடுக்கவே முடியாது, எடுக்காமல் புது ட்யூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போகும். ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வு ட்யூப் கிராமத்துக் கடைகளில் கிடைக்காது, மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையின் காற்றுக் குழாயும் அதில் மாட்டாது. பித்தளை வால்வு அடாப்டர் ஒன்றைப் பம்போடு கட்டி வையுங்கள். அது இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் காற்றடிக்கலாம். ஆனால் கம்ப்ரஸரை ஒரு நொடி, இரண்டு நொடி என்று விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். ட்யூபில் காற்றுக்கு இடம் குறைவு, பிடித்துக்கொண்டே இருந்தால் வெடிக்கும்.

டயரை மாட்டும்போதே டயரின் பெயர் அச்சை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். பஞ்சரானதும் ட்யூபை வெளியே எடுத்து ஊதி ஓட்டையைக் கண்டுபிடித்தால், வால்விலிருந்து அந்தத் தூரத்தை அளந்து டயரில் முள் இருக்கும் இடத்துக்கு நேராகக் கை வைக்கலாம். ஓட்டை வெளிப்பக்கம் ஒன்றே ஒன்று என்றால் முள் அல்லது கம்பி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் விட்டிருக்கிறீர்கள். ரிம் பக்கம் என்றால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளை விளிம்பு வெட்டுகிறது, டேப்பைச் சரி செய்யாமல் எத்தனை ட்யூப் மாற்றினாலும் நிற்காது.

ஒட்டும்போது மணல்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, சொலூஷனை வில்லையைவிட அகலமாக, மெல்லியதாகத் தடவி, ஈர மினுமினுப்பு மறையும்வரை நான்கைந்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு ஈரத்திலேயே வில்லை வைப்பதால்தான் வழியிலேயே பிரிந்து வருகிறது. வெயில் காலத்தில் ரோட்டோரம் தார் சூட்டில் உட்கார்ந்து ஒட்டாதீர்கள். அங்கே ட்யூபை மாற்றிவிட்டுக் கிளம்பி, வில்லையை வீட்டில் வந்து ஒட்டுங்கள்.

ட்யூப்லெஸ் டயர், ரிம் இருந்தால் முள் தொல்லைக்கு அதுதான் நல்ல தீர்வு. 28, 32 மி.மீ. டயருக்கு ஒன்றுக்கு 40 மி.லி. வரை சீலண்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற திரவம்). பாலக்காட்டு வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடுவதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள் பகுதியை (கோர்) கழற்றிப் பார்த்து ஊற்ற வேண்டும்.

தென்னைநிழல்:

நன்றிங்க, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒன்று விட்டுவிட்டேன்: நான் கிளம்ப நினைப்பது வருகிற ஜனவரியில். எல்லைக்கல் அண்ணா சொன்ன கணக்குப்படி அது கிழக்குக் காற்று மாதம், திரும்பும் வழி முழுக்க முகத்தில் அடிக்கும் அல்லவா? சுற்றைத் தலைகீழாக ஓட்டினால் சரியாகுமா? இருட்டில் கிளம்புவதால் விளக்கு எவ்வளவு வேண்டும்? நாய்கள்?

எல்லைக்கல் (கொழிஞ்சாம்பாறை):

தலைகீழாக ஓட்டினாலும் பயனில்லைங்க. பொள்ளாச்சி கிழக்கு மூலையில் இருக்கு. எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் கடைசி 30 கி.மீ. கிழக்கே பார்த்துத்தான் வரணும், அதுவும் ஏற்றத்தில், வெயில் ஏறின பிறகு. கிழக்குக் காற்று சில நாள் விடியற்காலையிலேயே வீசத் தொடங்கிவிடும், அடங்குகிற நேரம் பார்த்துப் போகலாம் என்பதும் நடக்காது.

இரண்டு வழி இருக்கு. காரில் வண்டியை ஏற்றிக் கொல்லங்கோட்டுக்கு வந்து, அங்கிருந்து காற்றை எதிர்த்துக் கிழக்கே கிளம்பி, முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே திரும்புவது. காலில் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றை முடித்துவிடணும் என்பதுதான் கணக்கு. அது முடியாவிட்டால் சுற்றைச் சுருக்குங்க. பொள்ளாச்சி – மீனாட்சிபுரம் – மீன்கரை அணை வரை போய், அதற்கு மேல் மேற்கே போகாமல் திரும்பி, கோவிந்தாபுரத்திலிருந்து வயல்வெளி ரோட்டை விட்டுவிட்டுத் தெற்கே வேட்டைக்காரன்புதூர் – ஆனைமலை வழியாகப் பொள்ளாச்சி வாங்க. சுமார் 60 கி.மீ. வரும். இந்தத் தெற்கு ரோடு நெடுகத் தென்னந்தோப்பு. தோப்பு காற்றை நன்றாக உடைக்கும், திறந்த வயல் உடைக்காது. ஒரே காற்றில் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு கி.மீ. வேக வித்தியாசம் வரும். தோப்பு முடிந்து வெளி தொடங்குகிற இடத்தில் காற்று பக்கவாட்டில் குப்பென்று தள்ளும். ஆழமான ரிம் போட்டிருந்தால் அங்கே ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடிச்சுக்குங்க. ஆனைமலைப் பக்கம் நார் மில்கள் அதிகம், மட்டை லாரியிலிருந்து விழுந்த மட்டையும் மஞ்சியும் வளைவுகளில் கிடக்கும்.

சேத்துமடைப் பக்கம் ஆசைப்பட்டுத் திரும்பினால் வனத்துறைச் சோதனைச் சாவடியோடு நின்றுவிடுங்க. அதற்கு மேல் புலிகள் காப்பகம். பிஏபி (பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையும் வேண்டாம். மேப்பில் அழகான நேர்க்கோடாகத் தெரியும், போனால் செம்மண்ணும் சரளையும் பூட்டின கேட்டும்தான்.

விளக்கு: ஜனவரியில் இங்கே 6.40-க்கு மேல்தான் பொழுது விடியும். 5 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டு. வேகத்தடைகளில் பாதிக்கு வெள்ளைக் கோடு இருக்காது, ஊர் எல்லையில் வீடு தொடங்கும் முன்னால் ஒன்று, பள்ளிக்கூடம், கோயில் முன்னால் ஒன்று என்று எதிர்பார்த்தே ஓட்டணும். 400 லூமன் குறையாமல் முன் விளக்கு, வெளிச்ச வட்டம் எட்டு, பத்து மீட்டர் முன்னால் விழுகிற மாதிரி சாய்த்து வையுங்க. பின் விளக்கை விடிந்த பிறகும் அணைக்காதீங்க. காலை 7.30-லிருந்து 9 வரை கிழக்கே பார்த்து வரும்போது சூரியன் நேராக முகத்தில் இருக்கும். உங்களுக்குப் பின்னால் வருகிற டிரைவருக்கும் அதே சூரியன் கண்ணைக் கட்டும், அவர் உங்க முதுகைப் பார்ப்பதே அந்தச் சிவப்பு விளக்கால்தான். மர நிழலும் வெயிலும் மாறி மாறி விழுகிற ரோட்டில் இது இன்னும் முக்கியம்.

பஞ்சர்பெட்டி:

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, வண்டியை நடுவில் வைத்து, அதட்டிக்கொண்டே நடங்கள். பத்துத் தப்படியில் பெரும்பாலும் விட்டுவிடும். கோழிக் கழிவு கொட்டுகிற இடங்களில் கூட்டமாக இருக்கும், அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை வேறு ரோடு. கடித்துவிட்டால், கீறல்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும். எல்லைக்கு எந்தப் பக்கமானாலும் சரி, பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

செயின்பல் (நெம்மாறை):

நெல்லியாம்பதி பற்றி யாரும் சொல்லவில்லையே. அதே நாளில் சேர்க்க வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து நெம்மாறை வரவே நாற்பது கி.மீ.க்கு மேல், அதற்குப் பிறகு போத்துண்டி அணை தாண்டி வனத்துறைச் சாவடி, அங்கிருந்து மலை. நெல்லியாம்பதி மலைகள் 467 மீட்டரிலிருந்து 1572 மீட்டர் வரை உயரம். அடிவாரம் நூறு, நூற்றைம்பது மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாக ஒரு நாள், நெம்மாறையில் தங்கி, விடிந்ததும் கிளம்ப வேண்டிய ஏற்றம் அது.

உங்கள் கியர் 34-க்கு 32. ஏறலாம், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளின் உள் பக்கத்தில் மிதி கனக்கும். வெளிப் பக்கமாக எடுத்து ஏறுங்கள், கேரள அரசு பஸ் இறங்குகிற சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். பின்னால் 34 பல் போட டிரெயிலியர் இடம் கொடுக்குமா என்று கடையில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு பல் மலையில் நன்றாகவே தெரியும்.

ஆபத்து இறக்கத்தில்தான். ரிம் பிரேக் என்றால் பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். இடையில் இரண்டு இடத்திலாவது நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாவிட்டால் பத்து நிமிடம் ஆறட்டும். டிஸ்க் பிரேக் என்றால் கிளம்பும் முன் பேட் தடிமன் பார்க்க வேண்டும், உலோகத் தகடு நீங்கலாக ஒரு மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ரோட்டை விட்டுவிடுங்கள். 2018 ஆகஸ்ட் மழையில் பல இடங்களில் மலை சரிந்து நெல்லியாம்பதிக்கு ரோடே இல்லாமல் போனது. கனமழை என்றால் இப்போதும் மேலிருந்து மண்ணும் கல்லும் இறங்கும். நிழல் விழுகிற வளைவுகளில் பாசி பிடித்திருக்கும், அதன் மேல் சாய்ந்தால் டயர் நிற்காது. யானை நடமாட்டம் ஆண்டு முழுவதும் உண்டு. ரோட்டில் ஈரச் சாணம், புதிதாக ஒடித்த மூங்கில் கண்டால் முன்னே போகாமல், வருகிற பஸ்ஸையோ ஜீப்பையோ நிறுத்தி அதன் பின்னாலேயே போங்கள். மத்தியானம் 2 மணிக்கெல்லாம் மேலிருந்து இறங்கத் தொடங்கிவிட வேண்டும். சாவடியில் அனுமதி நேரம் அவ்வப்போது மாறும், முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னால் எழுதிவிட்டுப் போங்கள், இறங்கியதும் சொல்லிவிட்டு வாருங்கள்.

மாங்காய்சீசன் (முதலமடை):

தண்ணீர் விஷயம் மட்டும் சேர்த்துக்கறேன். ஜனவரியில் வியர்வை தெரியாது, கிழக்குக் காற்று உடனே உலர்த்திவிடும். அதனால்தான் அந்த மாதத்தில் தண்ணீர் குடிக்க மறந்து பிடிப்பு வருது. மணிக்கு அரை லிட்டராவது குடிங்க. மார்ச் முதல் மே வரை என்றால் முக்கால் லிட்டர், அதுவும் 9 மணிக்குள் முடிக்கணும், பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுகிற மாதங்கள் அவை. எல்லைக்கு இந்தப் பக்கம் எந்தப் பெட்டிக்கடையிலும் உப்பு போட்ட எலுமிச்சைச் சோடா கேட்டால் கிடைக்கும், சர்க்கரை போட்டதைவிட அது நல்லது. கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்த நாளில் ரோடு காலியாக இருக்கும் என்று கிளம்பாதீங்க, ஒரு கடையும் திறந்திருக்காது, டியூப் கிழிந்தால் ஏற்றிக்கொண்டு போக ஆட்டோவும் கிடைக்காது. மீன்கரை அணைக்கு எதிரில் கடைகள் 7 மணிக்கு முன்னால் திறப்பது அபூர்வம். பொள்ளாச்சியிலிருந்தே இரண்டு பாட்டில் நிரப்பி, வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சட்டைப் பின்பையில் போட்டுக்கொண்டு வாங்க.